நானூற்று நாற்பத்தெட்டுக்கு மேல்

காலையில் எழுந்ததும் பால் காய்ச்சுவேன். பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து பால் குக்கரில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அங்கேயே நிற்பேன். அந்தக் குக்கருக்கு விசில் கிடையாது. முன்பு இருந்தது, நான் எடுத்துவிட்டேன். பிறகு குளியல், இரண்டு பாவ் ரொட்டி, ஒரு டீ. பூனாவில் எங்கள் விஷ்ராந்த்வாடி முனைக்குக் கம்பெனி கேப் வரும். ஹிஞ்சேவாடி போய்ச் சேரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தூங்குவதில்லை. இறங்கும்போது டிரைவர் "சார், ஆ கயா" என்பார். மனைவி ஈனிட் இருந்தபோதும் இப்படித்தான். பாவ் நான்கு, டீ இரண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

விஸ்வேஸ்வரன் சார், எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்குங்கள் என்று சொன்னீர்கள். அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

தளேகாவ் விபத்தை விசாரிக்க எங்கள் கம்பெனியும் அங்குள்ள ரப்பர் தொழிற்சாலையும் சேர்ந்து உங்களை நியமித்தார்கள். உங்களிடம் ஆங்கிலத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் பிழையான வாக்கியம் ஒன்று உண்டு. போன வாரம் உங்கள் அறையிலிருந்து கிளம்பும்போது, படிக்கட்டருகே நின்று தமிழில் கேட்டீர்கள்: "கடைசியா என்னப்பா சொன்னாங்க?" அதுவரை யாரும் என்னிடம் தமிழில் விசாரித்ததில்லை. பழைய பதிலையே சொன்னேன். நீங்கள், "எழுதிக் குடுத்துடுங்க. தமிழ்லயே எழுதுங்க, எனக்குப் படிக்க வரும்" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். மற்றபடி உங்கள் வரைவு அறிக்கை நன்றாக இருக்கிறது.

நான் கம்பைலர் எழுதுகிறவன். மனிதர்கள் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள் அது. எங்கள் சிப் மிகச் சிறியது. மின்சாரம் மிச்சமாவதற்காக ஒவ்வொரு எண்ணையும் எட்டே பிட்டில் அடைத்து வைக்கும். அந்த எண்முறையில் மிகப் பெரிய எண் நானூற்று நாற்பத்தெட்டு. பெரிய எண்முறைகளில் எல்லை தாண்டினால் போடுவதற்கு முடிவிலி என்று ஓர் அடையாளம் இருக்கும். இதில் இடம் போதாதென்று அதை எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. உலகம் முழுக்கவே அப்படித்தான்.

ஆகவே ஒரு கணக்கின் விடை அறுநூறு என்று வந்தால் என்ன செய்வது என்பதைக் கம்பைலர் முடிவுசெய்ய வேண்டும். வழிகள் இரண்டு. 'இது எண்ணே அல்ல' என்று சொல்லும் அடையாளம் ஒன்று அந்த முறையில் மிச்சம் இருக்கிறது. அதைப் போட்டால் திரையில் எண்ணுக்குப் பதில் கோடுகள் வரும். பின்னால் வரும் கணக்குகளிலும் அது தொற்றி எல்லாம் கோடாகிவிடும். அல்லது, நானூற்று நாற்பத்தெட்டிலேயே நிறுத்திவிடலாம். எடை மெஷினில் எத்தனை கனமானவர் ஏறினாலும் முள் கடைசி முளையில் முட்டி நிற்குமே, அதுபோல. கணக்கு தொடர்ந்து ஓடும். திரை அழகாக இருக்கும்.

இரண்டுமே ஏற்கப்பட்ட வழிகள். இரண்டுக்கும் அறிவாளிகள் ஆதரவு உண்டு. நான் நிறுத்துவதைத் தேர்ந்தெடுத்தேன். பயன்படுத்துகிறவர் வேறு எதுவும் கேட்காவிட்டால் அதுதான் நடக்கும் என்று அமைத்தேன். அதை யாரும் குற்றம் என்று சொல்ல முடியாது. என் மனைவி மட்டும் சொன்னாள்.

ஈனிட் அதே கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தாள். நாங்கள் செய்வதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. பூனாவிலேயே பிறந்தவள். அவள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. நான் திருநெல்வேலி. கோபம் வந்தால் அவளுக்கு இந்தி வரும். எனக்கு எதுவும் வராது.

விசில் விஷயத்திலேயே அது தெரிந்துவிட்டது.

"அலன், விசில் கிதர் கயா?"

"எடுத்துட்டேன். காலைல போன்ல பேசிட்டிருக்கும்போது கத்துது."

"அது கத்தறதுக்குத்தான் வாங்கினேன் பாபா. உள்ள தண்ணி வத்திப்போச்சுன்னா எப்டித் தெரியும்?"

"நான் பக்கத்துலதான நிக்கேன்."

"நீ நிக்கறே. ஒரு நாள் நிக்கலன்னா?"

"அன்னைக்கு மாட்டிட்டுப் போறேன்."

"க்யா லாஜிக் ஹை" என்று சிரித்தாள். சிரித்தால் விஷயம் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

எண் விஷயத்திலும் அதே அடுப்படியில்தான் பேசினோம். ஆய்வுக்கூடத்தில் அவள் வேண்டுமென்றே பெரிய அழுத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். திரை நானூற்று நாற்பத்தெட்டிலேயே நின்றிருக்கிறது.

"ஐநூறுன்னா ஐநூறுன்னு சொல்லு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இது என்ன, கடையில சில்ற இல்லன்னு சாக்லேட் குடுக்கற மாதிரி?"

"சாக்லேட்டும் சாப்பிடத்தான செய்யறோம்."

"மருந்துக் கடையில மாத்திரைக்குப் பதில் குடுத்தா சாப்பிடுவியா?"

"திரையில கோடு கோடா வந்தா கஸ்டமர் பயந்துருவான், ஈனிட்."

"பயப்படட்டும் பாபா. பயம் நல்லதுதான்." பிறகு தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "உன்ன நம்பறேன். உன் நம்பர நம்ப மாட்டேன்."

அலுவலகத்தில் அதையே முறைப்படி எழுப்பினாள். என் மேலாளர் திவேகர் என்னைக் கேட்டார். வடிவமைப்பே அப்படித்தான், கோளாறு இல்லை என்றேன். முடிந்தது. அன்று சாயங்காலம் கேப்பில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவள்.

தளேகாவில் அந்தத் தொழிற்சாலை ரப்பர் குழாய்கள் செய்கிறது. பச்சை ரப்பரை ஒரு பெரிய இரும்புக் கலத்தில் வைத்துக் கதவை மூடி நீராவியில் வேகவைப்பார்கள். அதற்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். ஆட்கள் அதைக் குக்கர் என்றுதான் சொல்வார்கள். உள்ளே அழுத்தம் சாதாரணமாக நானூறு கிலோபாஸ்கலையொட்டி இருக்கும். ஐநூறைத் தாண்டினால் ஆபத்து. எங்கள் சிப் அழுத்தத்தை அளந்து திரையில் காட்ட வேண்டும், ஐநூறைத் தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். சோதனை ஓட்டத்துக்காக, பழைய முள் மீட்டரைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே எங்கள் சென்சாரைப் பொருத்தினார்கள். இதெல்லாம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது.

உங்கள் அறிக்கையில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அலாரத்துக்கான நிரலில் எல்லை ஐநூறு என்று சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் எங்கள் எண்முறையில் ஐநூறு கிடையாது. என் கம்பைலர் அந்த ஐநூறையும் நானூற்று நாற்பத்தெட்டாக்கியது. அழுத்தம் அறுநூறு போனாலும் அதுவும் நானூற்று நாற்பத்தெட்டு. நானூற்று நாற்பத்தெட்டு நானூற்று நாற்பத்தெட்டை விடப் பெரியதா என்று சிப் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இல்லை என்பதுதான் எப்போதும் விடை. சிப் தவறு செய்யவில்லை.

இப்படி ஓர் எண் பொருந்தாமல் போனால் கம்பைலர் ஒரு வரியில் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கும்படிதான் முதலில் எழுதியிருந்தேன். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கில் வரிகள் கொட்டின. யாரும் படிக்கவில்லை, எல்லாரும் புகார் சொன்னார்கள். ஆகவே கேட்டால் மட்டும் எச்சரிக்கும்படி மாற்றினேன். யாரும் கேட்கவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈனிட் சொன்னபடி கோடுகள் போட்டிருந்தாலும் அந்த அலாரம் அடித்திருக்காது. கோட்டை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை 'இல்லை'தான். தொழில்நுட்பப்படி நான் எதையும் கெடுக்கவில்லை. திரையில் கோடுகள் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். கோடுகளைப் பார்த்திருந்தால் அவள் வெளியே வந்திருப்பாள்.

அலாரத்தின் கதை அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தளேகாவ் சோதனைக்கு முந்தின வாரம் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. திருத்துவது சிறிய வேலை. ஆனால் திருத்தினால் ஏன் என்று எழுத வேண்டும். ஏன் என்று எழுதினால் ஈனிட் சொன்னது சரி என்று ஆகும். அந்த வாரம் ஜெர்மனியிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. நிறுத்திவைக்கும் முறையைப் பற்றி நான்தான் அவர்களுக்கு விளக்க வேண்டும். அவர்கள் போனபிறகு திருத்தலாம் என்று தள்ளிவைத்தேன். வேலைகளை வரிசைப்படுத்துவது எல்லாரும் செய்வதுதான்.

அந்தக் கூட்டத்தில் ஈனிட்டும் இருக்க வேண்டியது. அவள் இருந்தால் கேட்பாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. ஆகவே திவேகரிடம், அதே நாளில் தளேகாவிலிருந்து நேரடியாகக் காட்டினால் நன்றாக இருக்கும், அங்கே நிற்க ஈனிட்டை விடத் தகுதியானவர் இல்லை என்று சொன்னேன். அவர் மகிழ்ந்தார். ஈனிட்டும் மகிழ்ந்தாள். "பாத்தியா, என்னோட கதரு இப்பத்தான் தெரியுது உங்களுக்கு" என்றாள். கதர் என்றால் மதிப்பு. காலையில் கட்கி ஸ்டேஷனில் லோணாவளா லோக்கல் பிடித்தாள். ஏறியபிறகு வாசலில் நின்று, வடாபாவைக் கடித்துக்கொண்டே கையசைத்தாள். நான் கேப்புக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பினேன்.

கூட்டம் நன்றாக நடந்தது. பெரிய திரையில் தளேகாவ் அழுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப் பிட்டில் எண்கள் நெருக்கமாக இருக்காது, படிபடியாகத்தான் ஏறும். முந்நூற்று எண்பத்து நான்கு. நானூற்றுப் பதினாறு. நானூற்று நாற்பத்தெட்டு. அதற்கு மேல் படி இல்லை. அங்கேயே நின்றது. வரைபடத்தில் ஆடாத, நேரான மட்டம். ஜெர்மன்காரர்களில் ஒருவர் "வெரி ஸ்டேபிள்" என்றார். நான் நன்றி சொன்னேன்.

அந்த மட்டத்துக்கு அர்த்தம் இரண்டு. அழுத்தம் உண்மையிலேயே அந்த அளவில் இருக்கலாம். அல்லது அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எது என்று தெரியாது. தெரியாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். என் முன்னாலிருந்த டீ ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஈனிட் கூப்பிட்டாள். திவேகர் உற்சாகமாக, ஸ்பீக்கரில் போடு, எல்லாரும் கேட்கட்டும் என்றார். மேசை நடுவில் போனை வைத்தேன். அவள் ஆங்கிலத்தில் எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். பிறகு தமிழுக்கு மாறினாள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அவள் சொன்னாள், நான் பதில் சொன்னேன், அவள் ஒன்று சொல்லிவிட்டு வைத்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ரீடிங் ஸ்டெடியாக இருக்கிறதாம், அவள் பார்த்துக்கொள்வாளாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். திவேகர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

நீங்கள் விசாரித்த சாட்சிகள் எல்லாருமே, இறந்தவர் அப்படிச் சொன்னதைக் காதால் கேட்டோம் என்று கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது என்னை.

புது டீ வருவதற்குள் திவேகருக்குப் போன் வந்தது. நீராவி வரும் குழாய் மூடாமல் நின்றுவிட்டது, பாதுகாப்பு வால்வு துருப்பிடித்துத் திறக்கவில்லை, கதவு பெயர்ந்தது. அந்தப் பக்கம் இருந்தவள் ஈனிட் மட்டும்தான், மற்ற ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறாள். இது உங்கள் அறிக்கையில் என்னைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. கதவு பெயரும்வரை திரையில் எண் நானூற்று நாற்பத்தெட்டிலேயே இருந்தது. பிறகு பூஜ்யம்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் நான் திடமாக இருப்பதாகச் சொன்னார்கள். கம்பெனி தாராளமாக நடந்துகொண்டது. அடுத்து வெளியிட்ட கம்பைலருக்கு ஈனிட் என்று பெயர் வைத்தார்கள். என்னிடம் சம்மதம் கேட்டார்கள், கொடுத்தேன். அந்த ஈனிட்டிலும், வேறு எதுவும் கேட்காவிட்டால் நானூற்று நாற்பத்தெட்டில் நிறுத்துவதுதான் வழி. அலாரத்தை மட்டும் திருத்திவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சிக்கல் என் மாமனாரால் வந்தது. ஜேசுராஜ் என்று பெயர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து நேரே என் வீட்டுக்கு வருவார். தேப்லா ரொட்டியோ பிரியாணியோ ஒரு டப்பாவில் கொண்டுவருவார். நான் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார்.

"இன்னா மாப்பிள, எளச்சிட்டே."

"இல்ல மாமா."

"கடசியா இன்னா சொன்னா எங்க பாப்பா?"

"எல்லாம் ஸ்டெடியா இருக்கு, நான் பாத்துக்கறேன்னா."

"அவதான். சின்ன வயசுலேந்தே அப்டித்தான், எதுனாலும் நான் பாத்துக்கறேம்பா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அடுத்த ஞாயிறும் கேட்பார். அதே பதிலைச் சொல்வேன். அந்தப் பதில் அவருக்கு நல்லது செய்தது. நினைவு அட்டையில், படத்துக்குக் கீழே, வேத வசனம் போடுகிற இடத்தில் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றே அச்சிட்டார். ஒரு அட்டை என் மேசை மீது இருக்கிறது.

பிறகு உங்கள் வரைவு வந்தது. அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். 'கதவருகே அசாதாரணச் சத்தம் கேட்டும், தாமே பார்த்துக்கொள்வதாகக் கூறி, உரிய எச்சரிக்கையின்றி நெருங்கியது பொறியாளரின் கவனக்குறைவு.' அந்த வாக்கியம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அவ பாத்துக்கறேன்னு சொன்னது தப்பாய்யா?"

"அப்டி எழுதியிருக்காங்க மாமா."

"தெரு தாண்டறப்ப ரெண்டு பக்கமும் பாத்துட்டு, மறுபடியும் பாப்பா அந்தப் புள்ள. அதப் போயி கவனமில்லன்னு..." எழுந்து அட்டையைக் கையில் எடுத்தார். "இன்னொரு தரம் யோசிச்சுப் பாரு மாப்பிள. வேற எதுனா சொன்னாளா? முன்ன, பின்ன?"

"இல்ல மாமா."

அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். டப்பாவை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். நான் அந்த டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.

அவள் பெயரில் கவனக்குறைவு என்ற சொல் இருப்பது சரியல்ல என்று எனக்கும் தோன்றுகிறது. அது தகவல் பிழை. எனக்குப் பிழைகள் பிடிக்காது. ஆகவே அந்த வாக்கியத்தைத் திருத்தித் தருகிறேன். இதை மொழிபெயர்ப்புத் திருத்தமாக எடுத்துக்கொள்ளலாம்.

வணக்கம் சொன்னபிறகு அவள் ஏன் தமிழுக்கு மாறினாள் என்று நீங்கள் கேட்கக்கூடும். என் மானம் போகக் கூடாதென்றுதான். வெளிநாட்டுக்காரர்கள் முன்னால் என் முறையைக் குறை சொல்ல அவளுக்கு மனமில்லை. குரலைத் தாழ்த்தி, சிரித்தமாதிரியே கேட்டாள்.

"அலன், நம்பர் அசையவே மாட்டேங்குது. கதவுகிட்ட என்னமோ சத்தம் வேற. ஆளுங்கள தள்ளி நிக்க வெச்சிருக்கேன். சச் சொல்லு, பொய் வேணாம், இது நிஜமான நானூத்தி நாப்பத்தெட்டா, நீ நிறுத்தி வெச்ச நானூத்தி நாப்பத்தெட்டா? நிஜம்னா வாஷர்தான் லூசா இருக்கும், நானே போய்ப் பாத்துருவேன். இல்லன்னா எல்லாரையும் வெளிய ஓடச் சொல்றேன்."

இரண்டுமே சாத்தியம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். ஆனால் தெரியவில்லை என்றால் அவள் ஓடுவாள், ஆட்கள் ஓடுவார்கள், சத்தம் ஸ்பீக்கரில் வரும், ஏன் ஓடுகிறார்கள் என்று திவேகர் கேட்பார். ஜெர்மன்காரர் எனக்கு எதிரில் இன்னும் புன்னகையோடு இருந்தார்.

"நிஜந்தான்" என்றேன்.

அவள் சற்றும் யோசிக்கவில்லை, சார். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. சத்தம் கேட்டது, எண் அசையவில்லை, இரண்டையும் கவனித்தாள், ஆட்களைத் தள்ளி நிறுத்தினாள், தெரிந்தவனிடம் கேட்டாள். கவனக்குறைவு என்ற சொல்லை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்பதை உங்களிடமே விடுகிறேன். எனக்குப் பொருத்தமான சொல் எதுவும் தோன்றவில்லை. அவள் சொன்னது இதுதான், வேறு எதுவும் சொல்லவில்லை:

"நம்பர் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீ சொல்றேல்ல, போறேன்."